பச்சைக் கரை

காலை ஏழு இருபதுக்கு அக்லாயா கதவைத் தட்டினாள். தலையில் கறுப்புத் துணி. மணிக்கட்டு வரை மாவு.

"பெரிய பானை வேணும், சவேத்தா. முட்டைக்கோஸ்ல பொதிஞ்ச கறி ரெண்டு பானைலயும் அடங்கல."

"உள்ள வாங்கக்கா."

"வரல. கை கால் எல்லாம் மாவு. உன் பொண்ணு அஞ்சரைக்கே கீழ வந்துட்டா. வெங்காயம் அத்தனையும் அவதான் உரிச்சா. எனக்காக அழுதாளா வெங்காயத்துக்காக அழுதாளா தெரியல."

சவேத்தா பானையை எடுத்துக் கொடுத்தாள். அதன் ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் கதவுக் கைப்பிடி ஒன்று திருகியிருந்தது. அக்லாயா அதைத் தடவிப் பார்த்தாள்.

"இதையும் விடலையா நீ?"

"பானை நல்லாத்தானே இருக்கு."

அக்லாயா திரும்பினாள். படியில் ஒரு கால் வைத்தபின் நின்றாள்.

"நெகுலாய் அந்தக் கோட்டு போட்டுக்கிட்டுத்தானே வர்றார்?"

சவேத்தாவின் கை கதவின் மேல் இருந்தது.

"நேத்து எங்க வீட்டுக்காரர் கனவுல வந்தார்டி. குளிருதுன்னு சொல்லல. ஆனா கையைக் கட்டிக்கிட்டு நின்னார். வருஷம் முடியறப்ப அந்தக் கோட்டை ஒரு தடவை கோயில்ல பாத்துட்டா எனக்குப் போதும். போய்ச் சேந்துதுன்னு இருப்பேன்."

"போட்டுக்கிட்டு வருவார்க்கா."

சொல்லிவிட்டாள். அக்லாயா பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

---

அக்லாயா முதல் மாடி, சவேத்தா இரண்டாம் மாடி. ஒரே படிக்கட்டில் இருபத்தாறு வருடம். அக்லாயாவின் கணவர் கவ்ரில் வனக்காவலர். போன நவம்பரில் இறந்தார்; இன்று வருடப் பூசை. நாற்பதாம் நாள், வழக்கப்படி, அவருடைய வயதொத்த ஒருவருக்கு உச்சி முதல் பாதம் வரை ஒரு செட் துணி கொடுத்தாள் அக்லாயா. தொப்பி, சட்டை, கால்சட்டை, காலணி, பச்சைக் கம்பளிக் கோட்டு. வாங்கிக்கொண்டவர் சவேத்தாவின் கணவர் நெகுலாய். வாங்கியவர் உடுத்த வேண்டும். இங்கே உடுத்தினால் அங்கே அவருக்குக் கிடைக்கும்.

சட்டையும் காலணியும் நெகுலாய் போட்டுத் தேய்த்தார். கோட்டை ஒரே ஒரு ஞாயிறு தேவாலயத்துக்குப் போட்டார். பிறகு அது அலமாரியில் தொங்கியது.

ஏப்ரலில் சவேத்தா அதை வெளியே எடுத்தாள். காலருக்கு அடியில் பூச்சி அரித்த ஓட்டை. சுண்டுவிரல் நுழையும். ஒன்றுதான்.

அப்போது மேல்தளத்தில், எல்லாரும் துணி காயப்போடும் அறையில், தறி போட்டிருந்தாள். மகள் இலிங்காவுக்குக் கிறிஸ்துமஸ் கழிந்து கல்யாணம். சீருக்கு ஒரு கந்தல் விரிப்பு. பழைய படுக்கை விரிப்புகள், திரைச்சீலைகள், நெகுலாயின் மரத் தொழிற்சாலைச் சட்டைகள், இலிங்காவின் பள்ளிக்கூட அங்கி, எல்லாம் நாடா நாடாவாகக் கிழிபட்டு உருண்டைகளாக இருந்தன. வெள்ளை இருந்தது, நீலம் இருந்தது, சிவப்பு இருந்தது. கரைக்குப் பச்சை இல்லை.

கோட்டைக் கத்தரித்தாள். வலது முழங்கையில் ஒரு கிழிசலை நீல நூலால் இழையோட்டி அடைத்திருந்தது. பச்சை நூல் கிடைக்காத ஏதோ ஒரு வருடத்தில் அக்லாயா அடைத்தது. நன்றாகத் தைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே அதன் நடுவில் கத்தரியை விட்டாள்.

போன வாரம் விரிப்பு தறியிலிருந்து இறங்கியது. ஆறு மீட்டர். இரண்டு பக்கமும் பச்சைக் கரை.

---

நெகுலாய் முகத்தில் சோப்பு நுரையோடு குளியலறை வாசலில் நின்றார்.

"கேட்டுச்சு," என்றார்.

"என்ன பண்றது?"

"சொல்லிடு."

"இன்னைக்கா?"

"நேத்து சொல்லியிருக்கலாம். முந்தாநேத்து சொல்லியிருக்கலாம்."

"நீ சொல்லியிருக்கலாமே. உனக்குத்தானே குடுத்தாங்க."

நெகுலாய் துண்டை எடுத்து நுரையைத் துடைத்தார். பாதி முகம்தான் மழித்திருந்தது.

"தறில பாத்தேன்," என்றார். "ஜூன்ல. மேல பல்ப் மாத்த வந்தேனே, அன்னைக்கு. பச்சையைப் பாத்ததும் தெரிஞ்சுது."

"ஒண்ணும் சொல்லலையே நீ?"

"நீயும் சொல்லல."

ஐந்து மாதமாக இருவரும் இதைப் பேசியதில்லை. சவேத்தா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அதைப் போட்டா கவ்ரில் என் தோள்ல கை போட்டுக்கிட்டு நடக்கற மாதிரி இருந்துச்சு," என்றார் நெகுலாய். "பாரமா. உயிரோட இருந்தப்ப அவன் அப்படித்தான் நடப்பான். ஒழிஞ்சுதுன்னு நினைச்சேன். தப்புதான். நினைச்சேன்."

"பூச்சி அரிச்சிடுச்சுன்னு சொல்லலாமா?"

"அரிச்சுதா?"

சுவரில் கடிகாரம் ஏழு முப்பத்தைந்து காட்டியது. தேவாலயத்தில் பூசை பத்து மணிக்கு.

அவள் எழுந்து கோட்டை மாட்டினாள். அவளுடைய கோட்டை.

"எங்க போற?"

"கிலோக் கடை எட்டு மணிக்குத் திறப்பான்."

நெகுலாய் அவளைப் பார்த்தார்.

"வேணாம் சவேத்தா."

"நீ மீதி முகத்தை மழி, மனுஷா."

---

ஜெர்மனியிலிருந்து மூட்டையாக வரும் பழந்துணியை அந்தக் கடையில் எடைபோட்டு விற்பார்கள். கடைக்காரிக்கு சவேத்தாவை நன்றாகத் தெரியும்.

"வா வா. பட்டன் வெட்டி எடுத்துட்டுத் துணியை விட்டுட்டுப் போற ஆளாச்சே நீ."

"ஒரு தடவை பண்ணேன். எத்தனை வருஷத்துக்குச் சொல்லுவ? பச்சைக் கம்பளிக் கோட்டு இருக்கா? வேட்டைக்காரங்க போடற மாதிரி. ஆம்பளைக்கு."

"உனக்கு அதிர்ஷ்டம். ஜெர்மன்காரன் எல்லாம் வேட்டைக்காரன்தான்."

நான்கு இருந்தன. ஒன்று மிகவும் வெளிர். ஒன்றுக்கு மேல்காலர் வெல்வெட். மூன்றாவதன் முதுகில் மடிப்பு வேறு. நான்காவது ஏறக்குறைய அதே பச்சை. ஏறக்குறைய. வெளிச்சத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். தேவாலயத்துக்குள் மெழுகுவத்தி வெளிச்சம்தான் என்று நினைத்தாள். நினைத்ததும் முகம் சுட்டது.

வீட்டுக்கு வந்து பொத்தான் டப்பாவைக் கொட்டினாள். கவ்ரிலின் கோட்டில் மான்கொம்புப் பொத்தான்கள். அவரே அறுத்து, துளையிட்டு, தேய்த்துச் செய்தவை. கோட்டைக் கத்தரித்தபோது எட்டையும் வெட்டி எடுத்து வைத்திருந்தாள். பொத்தானை எறிவாளா அவள்? அந்தக் கட்டடத்தில் ஒரு பேச்சு உண்டு, சவேத்தா வீட்டுக் குப்பைத்தொட்டி பட்டினி கிடக்கும் என்று. பிளாஸ்டிக் பைகளைக் கழுவிக் கொடியில் காயப்போடுவாள். இழை விட்ட காலுறையில் வெங்காயம் தொங்கும். நடுவில் நைந்த படுக்கை விரிப்பை நீளவாக்கில் வெட்டி, ஓரங்களை நடுவுக்கு மாற்றித் தைப்பாள். அது இன்னும் பத்து வருடம் வரும். அந்தப் பேச்சைக் கேட்டு அவள் வருந்தியதில்லை. உள்ளூரப் பெருமைதான்.

டப்பாவில் ஏழுதான் இருந்தன.

எட்டாவதைத் தேடிப் பத்து நிமிடம் போயிற்று. நெகுலாய்தான் காட்டினார். சோபாவில் கிடந்த தலையணை உறையை மூடியிருந்தது அந்தப் பொத்தான்.

"தினமும் சாயங்காலம் இதுலதான் தலை வைக்கறேன்," என்றார்.

அவள் அதையும் வெட்டி எடுத்தாள். கைகள் நிதானமாகத்தான் தைத்தன. எட்டுப் பொத்தான்களுக்கு இருபது நிமிடம். பழைய கோட்டிலிருந்து அவிழ்த்து அட்டையில் சுற்றி வைத்திருந்த நூலையே கோத்துத் தைத்தாள்.

நெகுலாய் போட்டுப் பார்த்தார். கண்ணாடி பக்கம் போகவில்லை.

"இதுல பாரம் இல்ல," என்றார்.

---

தேவாலயத்தில் முப்பது பேர் இருப்பார்கள். அக்லாயா முன்னால் நின்றாள். நெகுலாய் உள்ளே வந்ததும் திரும்பினாள். முதலில் முகத்தைப் பார்க்கவில்லை. பொத்தான்களைப் பார்த்தாள். உதட்டைக் கடித்தாள். கண்ணீர் நாடி வரை ஓடியது. துடைக்கவில்லை.

சவேத்தா பெண்கள் பக்கம் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றாள். பக்கத்தில் மூன்றாம் மாடி தெக்லா.

"பரவால்ல, உன் புருஷன் பத்திரமா வெச்சிருக்காரே," என்று கிசுகிசுத்தாள் தெக்லா. "என் வீட்டுக்காரருக்கு ஒருத்தங்க குடுத்த தொப்பியை நாய் தின்னுடுச்சு. இன்னும் அந்தத் தெரு வழியா நான் போறதில்ல."

"சும்மா இரு. பூசை நடக்குது."

"உனக்கு ஏன் வேர்க்குது?"

கடைசியில் கோலிவாத் தட்டைத் தூக்கும் நேரம் வந்தது. வேகவைத்த கோதுமை, மேலே வெள்ளைச் சர்க்கரை, வால்நட்டால் ஒரு சிலுவை. நெருங்கியவர்கள் தட்டைப் பிடித்து, பாட்டுக்கு ஏற்ப மெல்ல மேலும் கீழும் அசைப்பார்கள். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவரின் தோளையோ கையையோ தொட்டுக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே சங்கிலி.

அக்லாயா இடது கையால் தட்டைப் பிடித்தாள். வலது கையால் நெகுலாயைப் பிடித்தாள். முழங்கையில். வலது முழங்கையில்.

அப்போதுதான் சவேத்தாவுக்கு நீல நூல் நினைவுக்கு வந்தது.

அக்லாயாவின் கட்டைவிரல் அந்தக் கம்பளியின் மேல் நகர்ந்தது. தேடவில்லை. வழக்கமாகப் போகிற இடத்துக்குப் போகிற விரல். வட்டமாக ஒருமுறை. மறுபடி ஒருமுறை. பிறகு நின்றது.

பாட்டு முடியும்வரை அவள் அந்தக் கையை விடவில்லை. தட்டும் ஒழுங்காகவே ஏறி இறங்கியது. நெகுலாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

---

வெளியே மழை தூறியது. சேறு. சவேத்தா வீட்டுக்கு நழுவிவிடலாம் என்று பார்த்தாள். பந்திக்குப் போகாமல் இருந்தால் அது வேறு விதமாகப் பேசப்படும். போனாள்.

அக்லாயாவின் கதவு திறந்திருந்தது. முன்னறையில் நீள மேசை போட்டு, எல்லா மாடிகளிலிருந்தும் வந்த நாற்காலிகளை ஒட்டி வைத்திருந்தார்கள். மேசைக்கு அடியில், சுவரிலிருந்து சுவர் வரை, சவேத்தாவின் கந்தல் விரிப்பு.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

இலிங்கா ரொட்டிக் கூடையோடு வந்தாள். இருபத்து நான்கு வயது, முன்கை முழுக்க எண்ணெய்.

"அம்மா, கோச்சுக்காத. மரத் தரையில பலகை எழும்பி நிக்குது. சாமியார் கால் தடுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? பத்து மணிக்கு ஓடிப்போய் எடுத்துட்டு வந்தேன். நீங்க கிளம்பிட்டீங்க."

"என்னைக் கேக்கலையே?"

"கேட்டா குடுத்திருப்பியா? ஒரு ஜாம் பாட்டில் மூடியைக்கூடக் கையெழுத்து வாங்கிட்டுக் குடுக்கற ஆளு நீ."

"மேல எடுத்துட்டுப் போ. இப்பவே."

"மேசை மேல இருபது தட்டு இருக்கு, எப்படி எடுக்கறது? துவைச்சுக்கலாம்மா. துணிதானே?"

ஆட்கள் உள்ளே வந்தார்கள். சேற்றுக் காலணிகள் விரிப்பின் மேல் ஏறின. யாரோ வாசலருகே பச்சைக் கரையில் பாதத்தை நன்றாகத் தேய்த்துவிட்டு வந்தார்கள். சவேத்தா மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தன் கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். விரிப்பைத் தொடாமல் வைக்க இடமில்லை.

திராட்சை மது ஊற்றினார்கள். குடிக்கும் முன் ஒவ்வொருவரும் குவளையைச் சாய்த்து ஒரு சொட்டைத் தரையில் விட்டார்கள்.

"அவருக்குச் சேரட்டும்."

"அவருக்குச் சேரட்டும்."

இருபது சொட்டு. சவேத்தாவின் சொட்டு அவளுடைய காலணி மேலேயே விழுந்தது.

நெகுலாய் எதிரே உட்கார்ந்திருந்தார். அறை புழுங்கியது. எல்லாரும் கோட்டைக் கழற்றிவிட்டார்கள். அவர் கழற்றவில்லை.

"கழட்டுங்க நெகுலாய், வெந்துடப் போறீங்க," என்றாள் தெக்லா.

"இருக்கட்டும்."

"கவ்ரிலுக்குக் குளிராம இருக்கட்டும்னு போட்டிருக்கார்," என்று யாரோ சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள், அன்போடுதான். அக்லாயா சூப் ஊற்றிக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவில்லை.

தெக்லா மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"இதானா கல்யாண விரிப்பு? அடேயப்பா! ஏழு மாசம் எங்களைத் துணி காயப்போட விடாம இதைத்தான் நெய்தியா சவேத்தா?"

"அதுல எங்க வீடே இருக்கு அத்தை," என்றாள் இலிங்கா. ரொட்டிக் கூடையை வைத்துவிட்டு மண்டியிட்டாள். "இந்த வெள்ளை எங்க பழைய படுக்கை விரிப்பு. இந்தச் சிவப்பு சமையலறைத் திரை. நீலம் அப்பாவோட ஃபாக்டரி சட்டை, இன்னும் மர வாசனை வரும், மோந்து பாருங்க."

"உன் வீட்டு விரிப்பை நான் ஏன் மோந்து பாக்கணும்?"

"இந்தக் கட்டம் போட்டது என் ஸ்கூல் அங்கி. மசிக்கறை தெரியுதா? கணக்குப் பரீட்சை. இது என்னோட குழந்தைப் போர்வை. இந்தக் கரை..."

நின்றாள். விரலால் தடவினாள்.

"அம்மா, இந்தப் பச்சை எது?"

மேசையில் கரண்டிகளின் சத்தம். நெகுலாய் ரொட்டியைப் பிட்டார். பிட்டதைப் பிட்டார்.

"பழைய கம்பளி," என்றாள் சவேத்தா.

"நம்ம வீட்லயா? பச்சைக் கம்பளி எப்ப இருந்துச்சு?"

"இருந்துச்சு. நீ பொறக்கறதுக்கு முன்னாடி."

"நல்ல கம்பளியா இருக்கே."

"எழுந்திரு இலிங்கா. ரொட்டி கேக்கறாங்க பாரு."

சவேத்தா தலையை நிமிர்த்தினாள். அக்லாயா சூப் பானையின் பின்னாலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம். ஒரு கணக்கைக் கூட்டிப் பார்ப்பவளின் முகம் அது.

"சவேத்தாவுக்கு இன்னும் கொஞ்சம் கறி வைங்க," என்றாள் அக்லாயா. "ஒண்ணுமே தொடல அவ."

---

நாலு மணிக்கு எல்லாரும் போய்விட்டார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பின்னல் ரொட்டி, ஒரு மெழுகுவத்தி, ஒரு துண்டு. நெகுலாய் நாற்காலிகளை மாடி மாடியாகச் சுமந்தார். கோட்டோடு.

இலிங்கா மேசையைச் சுவரோரம் தள்ளினாள். விரிப்பு முழுவதும் தெரிந்தது. சேறு, ரொட்டித் துணுக்குகள், மதுக் கறைகள்.

"நான் சுருட்டி மேல எடுத்துட்டுப் போறேம்மா. ஊற வெச்சா போயிடும்."

"இருக்கட்டும்," என்றாள் அக்லாயா. "நீ போய் அப்பாவுக்கு நாற்காலி பிடி. மூணாவது மாடிக்கு அவரால தனியா முடியாது."

இலிங்கா அம்மாவைப் பார்த்தாள். அக்லாயாவைப் பார்த்தாள். ஏதோ புரிய ஆரம்பித்தது போல அவள் முகம் மாறியது. ஒன்றும் கேட்காமல் வெளியே போனாள்.

சமையலறையில் குழாய் சொட்டியது. அக்லாயா ஒரு ஈரத்துணியோடு வந்து விரிப்பின் ஓரத்தில் மண்டியிட்டாள். கரையில் இருந்த சேற்றைத் துடைத்தாள். ஒரு சாண். இன்னொரு சாண்.

"குடுங்கக்கா, நான் பண்றேன்."

"பொத்தான் அவரோடது," என்றாள் அக்லாயா. துடைப்பதை நிறுத்தவில்லை. "அவர் பால்கனில உக்காந்து அறுத்தது. ஒண்ணுல துளை கோணலா இருக்கும். அது மேல இருந்து மூணாவது. இன்னைக்கு அது அஞ்சாவதா இருந்துச்சு."

சவேத்தா நின்றுகொண்டிருந்தாள்.

"பொத்தான் அவரோடது. கோட்டு அவரோடது இல்ல."

"அக்கா..."

"கோயில்ல கேட்டிருப்பேன். அவர் நாள் ஆச்சே. வாயை மூடிக்கிட்டேன்."

"பூச்சி அரிச்சிடுச்சுக்கா."

"எங்க?"

"காலர்ல."

"காலர்ல மட்டுமா?"

சவேத்தா வாயைத் திறந்தாள். முதுகிலும், கையிலும், எல்லா இடத்திலும் என்று சொல்ல வார்த்தைகள் தயாராக இருந்தன. காலையிலிருந்து அடுக்கி வைத்தவை. அக்லாயாவின் வெளுத்த முழங்கால்களைப் பார்த்தாள். அவை விரிப்பின் மேல் படாமல், வெறுந்தரையில் ஊன்றியிருந்தன.

"காலர்ல மட்டும்தான்," என்றாள். "ஒரே ஓட்டை. சுண்டுவிரல் அளவு. தைச்சிருக்கலாம். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்புறம்?"

"கரைக்குப் பச்சை வேணும்னு இருந்துச்சு."

அந்த அறையில் அது மிகச் சின்னதாகக் கேட்டது. சவேத்தா அதை மறுபடி சொன்னாள், முதல்முறை சொன்னது போதாது என்பது போல.

"பச்சை இல்ல என்கிட்ட. அவ்வளவுதான் அக்கா. வேற காரணம் இல்ல. வீணாப் போகுதேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். வீணாப் போகல. நான்தான் ஆசைப்பட்டேன்."

அக்லாயா ஈரத்துணியைக் கீழே வைத்தாள். உள்ளங்கையை விரித்துக் கரையின் மேல் வைத்து, வாசல் பக்கமிருந்து தொடங்கி, மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள். நாடாக்கள் இறுக்கமாக நெய்யப்பட்டிருந்தன. சவேத்தாவின் நெசவில் எங்கும் தொய்வு இருக்காது.

மாடிப்படியில் நாற்காலிக் கால்கள் இடிபடும் சத்தம் கேட்டது. "பாத்து, அப்பா," என்ற இலிங்காவின் குரல்.

ஆறு மீட்டர் முடிந்தது. அக்லாயா மறு பக்கத்துக்கு நகர்ந்தாள். அந்தக் கரையிலும் கையை வைத்தாள். பாதி தூரத்தில், மதுக் கறை ஒன்றுக்கு அருகில், பச்சை நாடாவின் மடிப்பிலிருந்து நீல இழை ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அரை அங்குலம் இருக்கும்.

அவள் விரல் அங்கே நின்றது.

சவேத்தா காலணிகளைக் கழற்றினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. காலுறையோடு வெறுந்தரையில், விரிப்புக்கு வெளியே நின்றாள்.

அக்லாயா நிமிர்ந்து பார்க்கவில்லை. நீல இழையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"இது வலது கை," என்றாள். "இடது கை எங்க இருக்கு, சவேத்தா?"